களிமண் கிலோ என்ன விலை?

யாரையாவது திட்ட வேண்டுமென்றால் நமக்கு உடனே கைக்கு அகப்படுவது மண்தான். கணக்கில் கோட்டை விட்ட பையனைப் பார்த்து, "தலையில என்ன களிமண்ணா?" என்பார் வாத்தியார். சொன்னது பிடிக்காவிட்டால், "மண்ணாங்கட்டி!" தேர்தலில் தோற்றவர் மண்ணைக் கவ்வுகிறார். பிழைப்பு கெட்டால் வாயில் மண். எங்கும் கிடைக்கிற சரக்கு, காசு கிடையாது, கேட்பாரில்லை... அதனால்தான் இந்த இளக்காரம்.

சரி ஸார், ஒரு சின்னப் பந்தயம். நாளைக் காலைக்குள் பானை வனைகிற மாதிரி நல்ல களிமண் 10 கிலோ கொண்டு வாருங்கள், பார்க்கலாம். (குழந்தைகள் விளையாடுகிற கலர் கலர் டப்பா செல்லாது!) கடையில் கேட்டால் சிரிப்பார்கள். தோண்டலாம் என்றால் எங்கே தோண்டுவது? நான் குடியிருக்கும் தண்டையார்பேட்டையில் கண்ணுக்கெட்டிய வரை சிமென்ட், தார், அதன்மேல் ஹார்பரைப் பார்த்து வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள். மண்ணைக் கண்ணால் பார்த்ததே மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டியபோதுதான். 2021-ல் ரயில் ஓட ஆரம்பித்ததும் அதையும் மூடிவிட்டார்கள்.

அப்படியே தோண்டினாலும் என்ன வருமென்று சொல்ல முடியாத பூமி எங்களுடையது. 2013-ல் பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாய் கசிந்து, சில வீட்டு போர்வெல்களில் தண்ணீரோடு டீசலும் வந்தது. 'நம்ம பேட்டை மண்ணுல அகல்விளக்கு செஞ்சா எண்ணெயே ஊத்த வேணாம், திரி போட்டா போதும்' என்று டீக்கடையில் ஒரு ஜோக் சொன்னார்கள். சிரித்தோம். தண்ணீர் லாரி வரும்வரை வேறு என்ன வேலை?

நான் பி.காம். படித்தவன். காற்று, வெயில், மண் எல்லாம் 'இலவசப் பண்டங்கள்' என்று நோட்ஸ் எழுதி மார்க் வாங்கியவன். இந்த வயதில் என்னை மண் ஆராய்ச்சியில் இறக்கிவிட்டவள் என் சித்தி பெண். இருப்பது மெல்போர்னில். வாழ்க்கைப்பட்டது கொசப்பேட்டைக் குடும்பத்தில். புரசைவாக்கம் பக்கத்தில் இருக்கிறதே, அதே கொசப்பேட்டைதான். 'குயவர்பேட்டை' என்பதுதான் மெட்ராஸ் வாயில் தேய்ந்து இப்படி ஆனது என்பார்கள். நவராத்திரிக்குக் கொலு பொம்மை, சதுர்த்திக்குப் பிள்ளையார் என்றால் நம் ஜனங்களின் கால் தானாக அந்தத் தெருக்களுக்குத்தான் போகும்.

சித்தி பெண்ணின் மாமியார் நாற்பது வருஷம் அங்கே அச்சில் மண் அழுத்திப் பொம்மை எடுத்தவர். வீட்டுக்காரர் தவறிய பிறகு, "தனியா இருக்க வேணாம்மா" என்று மகன் மெல்போர்னுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். நல்ல வீடு, நல்ல சாப்பாடு, பேரன் பேத்தி. ஆனால் மூன்றாம் மாதமே அத்தைக்கு ஒரு வியாதி வந்தது. டாக்டருக்குப் பிடிபடவில்லை. கை சும்மா இருக்கிற வியாதி! சப்பாத்தி மாவில் பிள்ளையார் பிடித்து ஜன்னலில் காய வைக்க ஆரம்பித்துவிட்டாராம்.

"அண்ணா, கொசப்பேட்டைலேர்ந்து ஒரு ரெண்டு கிலோ மண்ணு மட்டும் பார்சல் போடேன். எங்க வீட்ல சப்பாத்தி சாப்ட்டு பத்து நாளாச்சு" என்று போனில் கெஞ்சினாள்.

கூரியர் ஆபீசுக்குப் போனேன். "உள்ள இன்னா சார்?" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். "மண்ணு" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "மண்ணா? அவுங்க ஊர்ல இல்லியா?"

நியாயமான கேள்வி. ஆனால் விஷயம் அதைவிடச் சிக்கலானது. ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு உங்கள் பெட்டியில் நகை இருப்பதுகூடப் பெரிய கவலை இல்லை. செருப்படியில் ஒட்டிய சேறுதான் கவலை! ஒரு பிடி மண்ணில் விதை, புழு, பூஞ்சை, கிருமி என்று ஓர் ஊரே குடியிருக்கும். அது போய் அவர்கள் கோதுமை வயலில் இறங்கினால்? அதனால் அனுமதியும் சோதனையும் இல்லாமல் மண் உள்ளே போகாது. அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான். சூளையில் சுட்ட சுத்தமான பானையோ பொம்மையோ போகலாம். நெருப்பில் கிருமியெல்லாம் செத்திருக்கும். பச்சை மண்தான் ஆகாது. பொம்மை உடையக்கூடாதே என்று நம் வழக்கப்படி வைக்கோல் சுற்றி அனுப்புகிறவர்களே, கவனம்! பொம்மையை விட்டுவிட்டு வைக்கோலைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆக, மண்ணை அங்கேயே தேட வேண்டியதாயிற்று. வெளிநாட்டில் இருக்கிற வாசகர்கள் இந்தப் பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

அங்கே இதற்கென்று தனிக் கடைகள் இருக்கின்றன. அரிசி மாதிரி பிளாஸ்டிக் பையில் களிமண்! ஆஸ்திரேலியாவில் சாதாரணமாக ஒரு பை 10 கிலோ. இங்கிலாந்தில் பன்னிரண்டரை கிலோ. அமெரிக்காவில் 25 பவுண்டு. சித்தி பெண் கடைக்குள் போய், விலை அதிகமாக இருப்பதுதானே நல்லது என்று நினைத்து ஒரு வெள்ளை மண் பையைத் தூக்கி வந்தாள். அத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இது மண்ணே இல்லடி, மைதா மாவு."

அத்தை சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. அது போர்ஸலேன். பார்க்க அழகு, பிசைந்தால் வளைந்து கொடுக்காது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று ஜாதி. ஒன்று, நம் பானை சட்டி மாதிரி சிவப்பாகச் சுடப்படுகிற எர்த்தன்வேர். 1,000 டிகிரியை ஒட்டிய சூடு போதும். இரண்டாவது ஸ்டோன்வேர். பாட்டி வீட்டு ஊறுகாய் ஜாடி இருக்கிறதே, அந்த ஜாதி. 1,200 டிகிரிக்கு மேல் வேண்டும். மூன்றாவது அந்த மைதா மாவு போர்ஸலேன். அதற்கும் ஸ்டோன்வேருக்குச் சமமாகவோ கூடவோ சூடு தேவை. ஒன்றுக்குரிய சூட்டை இன்னொன்றுக்குக் கொடுத்தால் போச்சு. ஸ்டோன்வேர் மண்ணைக் குறைந்த சூட்டில் சுட்டால் வேகாத இட்லி. நம் ஏரி மண்ணை ஊறுகாய் ஜாடிச் சூளையில் வைத்தால் கொப்புளித்து, வளைந்து, பானை பாயசமாகிவிடும். எனவே பை வாங்குமுன் அதில் போட்டிருக்கும் டிகிரியைப் பாருங்கள். நீங்கள் சுடப் போகும் சூளை எத்தனை டிகிரி போகும் என்று கேளுங்கள். சூளைக்கு எங்கே போவது என்கிறீர்களா? பொழுதுபோக்காகப் பானை செய்கிறவர்களின் ஸ்டூடியோக்கள் பல ஊர்களில் உண்டு. வாடகை கொடுத்தால் அவர்கள் கரன்ட் சூளையில் உங்கள் சாமானையும் வைத்துச் சுட்டுத் தருவார்கள். சதுர்த்திப் பிள்ளையாருக்கு அந்தச் செலவும் இல்லை. அவர் பச்சை மண்ணாகவே வந்து பச்சை மண்ணாகவே கரைகிறவர்.

இதற்கிடையில் அத்தை தன் பங்குக்கு ஒரு கண்டுபிடிப்பு செய்தார். கொல்லைப்புறத்தில் துணி உலர்த்தக் கம்பம் நடுவதற்காகக் குழி தோண்டினார்கள். ஓரடிக்குக் கீழே கறுப்பாக, பிசுபிசுவென்று... களிமண்! மெல்போர்னின் மேற்கு, வடக்குப் புறநகர்களில் இது சகஜமாம். எரிமலைப் பாறை மக்கி உண்டான மண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், வீட்டுச் சுவரையே விரிசல் விட வைக்கும். வீட்டுக்காரர்கள் சபிக்கிற அந்த மண்ணை அத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்தார்.

எந்த மண்ணையும் சோதிக்க அவர் கையாளும் வழி எளிது. ஈர மண்ணைப் பென்சில் கனத்துக்குத் திரித்து விரலில் மோதிரம் மாதிரி சுற்ற வேண்டும். வெடிக்காமல் வளைந்தால் நல்ல மண். பிளந்தால் மணல் அதிகம். கொல்லைப்புறத்து மண் மோதிரமாகத்தான் வளைந்தது. ஆனால் காய்ந்ததும் சுருங்கிப் பிளந்தது. பை மண்ணைக் கலந்து, கொஞ்சம் மணலும் சேர்த்து, மறுபடி மறுபடி பார்த்தார். பேரன் அதைக் கணக்காக்கினான். ஈர மண்ணில் பட்டை செய்து 10 சென்டிமீட்டருக்குக் கோடு போட வேண்டும். காய்ந்த பிறகு அந்தக் கோடு எத்தனை குறைகிறது என்று அளந்தால் சுருக்கம் எவ்வளவு சதவிகிதம் என்று தெரிந்துவிடும். (காமர்ஸில் இதற்குத் தேய்மானம் என்று பெயர். நாங்கள் வருஷக் கடைசியில் போடுவோம். மண் ஒரு வாரத்தில் போட்டுவிடுகிறது!) நாலாவது கலவை நின்றது. அந்த வருஷக் கார்த்திகைக்கு மெல்போர்ன் வாசலில் ஏழு அகல்விளக்கு எரிந்ததாகப் போட்டோ வந்தது. சப்பாத்தி மாவுக்கு விடுதலை.

மண்ணுக்காக இந்தப் பாடு பட்டது அத்தை மட்டுமில்லை. இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்று பெரிய பீங்கான் முதலாளி இருந்தார். 1767-ல் தாமஸ் கிரிஃபித்ஸ் என்பவரை அட்லான்டிக் கடல் தாண்டி அமெரிக்காவுக்கு அனுப்பினார். எதற்கு? செரோகி இந்தியர்கள் வாழ்ந்த மலைப்பகுதியில் இருந்த வெள்ளைக் களிமண்ணுக்காக. ஏறக்குறைய 5 டன் மண் கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது.

கொரியாக்காரர்கள் கதை இதைவிட உருக்கமானது. 1592 முதல் 1598 வரை ஜப்பானியப் படைகள் கொரியாவில் போர் நடத்தின. திரும்பும்போது பொன்னும் பொருளும் மட்டுமா கொண்டுபோனார்கள்? குயவர்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். சத்சுமா என்ற பகுதியில் குடியேற்றப்பட்டவர்கள், ஊரிலிருந்து வந்த மண்ணையும் மேல்பூச்சையும் வைத்துச் செய்த பாத்திரங்களுக்கு 'ஹிபகாரி' என்று பெயர். அதற்கு அர்த்தம் 'நெருப்பு மட்டும்'. அதாவது மண் கொரியா, கை கொரியா, ஜப்பானுடையது நெருப்பு மட்டும்! ஊர் மண் எத்தனை நாளைக்கு வரும்? புது ஊரில் மண் தேடித்தானே ஆகவேண்டும்? அப்படித் தேடியவர்களில் ஒருவர் யி சாம்-பியோங். 1616 வாக்கில் அரிடா என்ற ஊரின் மலையில் அவர் போர்ஸலேன் கல்லைக் கண்டுபிடித்தார் என்பது அந்த ஊர் வரலாறு. ஜப்பானின் போர்ஸலேன் தொழிலே அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிடித்துக்கொண்டு வரப்பட்ட அந்த மனிதருக்கு 1917-ல் ஊரார் மலைமேல் நினைவுத் தூண் எழுப்பினார்கள். கோயிலில் வைத்தும் கும்பிடுகிறார்கள்.

நம் பக்கத்துக்கு அப்படி வந்தவர்களும் உண்டு, சுகமாகவே வந்தார்கள். கலிபோர்னியாவில் படித்த ரே மீக்கரும் ஜப்பானில் மண்வேலை பயின்ற டெபோரா ஸ்மித்தும் 1971-ல் பாண்டிச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' ஆரம்பித்தார்கள். சுற்றுவட்டாரத்தில் நம்மவர்கள் செய்தது சிவப்புப் பானை. அவர்களுக்கு வேண்டியதோ ஊறுகாய் ஜாடி ஜாதி ஸ்டோன்வேர். அதற்கான மண்ணைத் தேடி, கலந்து, சூளை கட்டி, உள்ளூர்க்காரர்களுக்கும் பழக்கினார்கள். இன்று பாண்டிச்சேரிப் பக்கம் போனால் திரும்பிய இடமெல்லாம் ஸ்டூடியோ. ரே மீக்கர் அத்தோடு நிற்கவில்லை. 1980-களில் மண்ணால் வீட்டைக் கட்டி, உள்ளே பச்சைச் செங்கற்களை அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தார்! (நம் வீட்டுச் சொந்தக்காரரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.) நம்மவர்களும் போன இடத்தில் மண்ணைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மலேசியாவில் கோலசிலாங்கூர்ப் பக்கம் தலைமுறைகளாகச் சக்கரம் சுற்றும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அந்த ஊர்ப் பொங்கல் அந்த ஊர் மண்ணிலேயே பொங்குகிறது.

எல்லா ஊர்க் கதையும் ஒன்றைத்தான் சொல்கிறது. குயவருக்குக் கையும் சக்கரமும் இருந்தால் போதாது. எட்டுகிற தூரத்தில் மண் இருக்க வேண்டும். ஊரை விட்டுப் போனவர்கள் அதைத் தேடினார்கள், சரி. ஊரை விட்டுப் போகாமலே தேடுகிறவர்களைப் பார்க்க வேண்டுமா? தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பஸ் தூரம்தான்.

அத்தையின் பழைய தெருவுக்குப் போயிருந்தேன். வாசலில் பாதிப் பிள்ளையார்கள் தும்பிக்கை இல்லாமல் காய்ந்துகொண்டிருந்தார்கள். "மண்ணு எங்கேர்ந்து வருது?" என்று ஒரு பெரியவரைக் கேட்டேன்.

"வெளில ஏரிலேர்ந்து லாரில வருது சார். மண்ணுக்கு காசு இல்ல. லாரிக்குத்தான் காசு."

காஸ்ட் அக்கவுண்டிங் மொத்தத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். நகரத்துக்குள் ஏரி இருந்த காலத்தில் மண் மாட்டு வண்டியில் வந்திருக்கும். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது. லேக் போய் ஏரியா மட்டும் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. வியூவும் இல்லை, லேக்கும் இல்லை. ஸ்பர்டாங்க் ரோட்டில் ரோடு மட்டும். ஏரிகளைத் தூர்த்து வீடு கட்டியபோது, தண்ணீர் போயிற்றே என்று கொஞ்ச நாளாவது கவலைப்பட்டோம். அடியில் இருந்த களிமண் ஒரு ஜாதி ஜனத்தின் கச்சாப்பொருள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஊருக்கு வெளியே இருக்கும் ஏரியில் போய் அள்ளிக்கொள்ளவும் முடியாது. சட்டத்தின் கண்ணுக்கு மண் ஒரு 'சிறு கனிமம்'. அதற்கு 1959-லிருந்து தமிழ்நாட்டில் தனி விதிகள் இருக்கின்றன. மணல் கொள்ளை நடக்கிற நாட்டில் விதி வேண்டியதுதான். ஆனால் ராத்திரியில் நூறு லோடு அடிக்கிறவருக்கும் வருஷத்துக்கு இரண்டு லோடு கேட்கிறவருக்கும் ஒரே வேலி! குயவர்களும் விவசாயிகளும் நடந்து நடந்து கேட்ட பிறகு, 2024 ஜூலையில் அரசு வழியைச் சுருக்கியது. ஏரி, குளங்களில் வண்டலும் களிமண்ணும் கட்டணமில்லாமல் எடுக்க தாலுகா அளவில் தாசில்தாரே அனுமதி தரலாம் என்றானது. நல்ல காரியம். கிராமத்தில் ஏரிக்கரையில் குடியிருக்கும் குயவருக்குப் பெரிய உபகாரம்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "தாசில்தார் அனுமதி குடுப்பாரு சார். எங்க பேட்டைக்கு ஏரி யாரு குடுப்பா?"

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார் கரையாமல் கடலில் மிதக்கிறார், வேண்டாம். களிமண்ணில் செய்யுங்கள் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ரொம்பச் சரி. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் அதற்கு நன்றி சொல்வார்கள். ஆனால் 'களிமண்ணில் செய்' என்ற உத்தரவோடு களிமண் வரவில்லையே! சாக்கு மூட்டையில் வரும் பிளாஸ்டர் மாவு சுலபம். அதை வேண்டாமென்று ஒதுக்கி மண்ணுக்கே நிற்பவருக்குத்தான் லாரி வாடகை, அனுமதிச் சீட்டு, மழை வந்தால் காயாத சரக்கு, எல்லாம். அவர் பையன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போனால், அவனை என்ன சொல்வது? நானாக இருந்தாலும் அதே கணக்குத்தான் போட்டிருப்பேன்.

வழியில்லாமலில்லை. பத்துக் கிலோப் பையில் விற்கும் மெல்போர்ன் கடை மாதிரி வேண்டாம். மழைக்கு முன் ஏரி தூர்வாரும்போது வெளியே வருகிற களிமண்ணில் சில லோடுகளைக் கொசப்பேட்டை மாதிரி இடங்களுக்கென்று ஒதுக்கி, ஓரிடத்தில் கொட்டி வைத்து, லாரிச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்தால் போதும். மெட்ரோவுக்கு மண் தோண்டி எங்கெங்கோ கொண்டுபோய்க் கொட்டத் தெரிந்த ஊருக்கு இது பெரிய வித்தையா?

அதுவரை நீங்களும் நானும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த சதுர்த்திக்குப் பிள்ளையார் வாங்கும்போது, "என்னப்பா, வெறும் களிமண்ணுக்கா இந்த விலை?" என்று பேரத்தை ஆரம்பிக்கும் முன், "மண்ணு எங்கேர்ந்து வந்தது?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பதிலைக் கேட்ட பிறகும் பேரம் பேச உங்களுக்கு மனசு வந்தால்...

உங்கள் நெஞ்சில் இருப்பது என்ன என்று நான் சொல்ல மாட்டேன். களிமண் என்றால் அதற்குத்தான் அவமானம்.